கேப்டன் வீட்டில் இருந்த நாள்

பிப்ரவரி மாதத்தில் ஆல்டர் பேயில் கூரையை மறந்தவன் வீட்டை மறந்தவன். ஊரை ஒட்டிய சுப்பீரியர் ஏரி ராத்திரியெல்லாம் ஈரத்தைக் கக்கும். விடிந்து பார்த்தால் அது பனியாகி வீடு, கொட்டகை, வண்டி எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கும். முந்தின வாரம்தான் பழைய மர அறுவைக் கொட்டகை பாரம் தாங்காமல் நடு முறிந்து படுத்தது. அதைப் பார்த்த பிறகு ஊரில் ஆணும் பெண்ணும் கூரை மேல்தான் குடியிருந்தார்கள்.

ராட்னி கங்காஸ் தன் வீட்டு நீராவிக் குளியல் சவுனாக் கொட்டகையின் மேல் நின்றுகொண்டு, இரண்டு கைப்பிடி வைத்த பெரிய தகரத் தட்டை வயிற்றால் முட்டித் தள்ளினான். பனி பலகை பலகையாகப் பெயர்ந்து சரிந்து கீழே பொத்தென்று விழுந்தது. மரம் வெட்டியின் மகன் அவன். அந்த வேலையில் முதுகுக்கு ஒரு சுகம் இருந்தது. கழுத்துக்குள் இறங்கிய வியர்வை காற்றுப் பட்டதும் சில்லிட்டது. வானம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்து கிடந்தது.

அவன் அங்கே நின்றிருக்கக் கூடாது. சிகாகோவில் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சின்ன விமானக் கம்பெனியில் ஒன்பது வருஷம் துணை விமானியாக இருந்தவன். பணி மூப்பில் மேலே வந்துவிட்டதால் கேட்ட நாள், கேட்ட தடம் கிடைக்கும். மாதத்தில் பாதி நாள் வீட்டுச் சாப்பாடு. போன கோடையில் கேப்டன் பதவி வந்தது. தோளில் நாலாவது பட்டை ஏறியது. ஊர் அவனை ராட்னி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டது. பெட்ரோல் பங்கில் கேப்டன், தேவாலயத்தில் கேப்டன், மீன் கடையில் கேப்டன். அந்தத் தொழிலின் கூத்து ஊருக்குத் தெரியாது. துணை விமானிகளில் தலையாக இருந்தவன் பதவி உயர்ந்ததும் கேப்டன்களில் வாலாகப் போய் ஒட்டிக்கொள்கிறான். வாலுக்குத் தனித் தடம் கிடையாது. காத்திருப்பு வேலைதான். சிகாகோவில் கிடக்க வேண்டும். கம்பெனி போன் அடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சீருடையோடு விமானத்தடியில் நிற்க வேண்டும். அடிக்காவிட்டால் சும்மா கிடக்க வேண்டும். பெரிய கம்பெனிக்குத் தாவ வேண்டுமானால் கேப்டனாகப் பறந்த அனுபவம் வேண்டும். கூப்பிடாமலே போட்டு வைத்தால் அனுபவம் எங்கிருந்து வரும்?

கிடப்பதற்கு ஒரு இடம் பிடித்திருந்தான். சத்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வீட்டின் நிலவறையில் அடுக்குக் கட்டில்கள். எவனோ படுத்து எழுந்துபோன சூடு ஆறாத மெத்தையில் இவன் போய் விழுவான். கீழ்க்கட்டிலில் குறட்டை. எதிர்க்கட்டிலில் ஒரு சின்னப் பையன் தன் காதலியிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருப்பான். ஒரே குளியலறை. அதன் வாசலில் நாலு பட்டைச் சட்டையும் உள்ளாடையும் ஒரே கொடியில் தொங்கும். அங்கே போய்ச் சேருவதற்கும் கும்பிடு போட வேண்டும். ஆல்டர் பேயிலிருந்து காலையில் ஒரு விமானம். அதன் விமானி அறையில் ஒரு மடக்கு சீட்டு. அந்த கேப்டனிடம் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "கூட வரலாமா?" என்று கேட்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் அந்தச் சீட்டு காலியாகத்தான் போனது. ராட்னி போகவில்லை.

"போகலையா நீ?" என்று அவன் மனைவி மார்லா கேட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். பனிக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது.

"எனக்கு முன்னாடி நாலு கேப்டன் இருக்கான். அவங்க நாலு பேரையும் கூப்பிட்டு முடிச்சாத்தான் என் பேரு வரும். ரெண்டு வாரமா ஒரு போன் இல்ல. கூரைய யாரு தள்றது?"

"நீ இல்லாத நாளெல்லாம் யாரு தள்ளுனா? உங்க கம்பெனி ஆள் அனுப்புச்சா?"

"ஒரு நாளு மார்லா. ஒரே ஒரு நாளு எங்கட்டில்ல படுத்துட்டுப் போறேன்."

மார்லா மாவு பிசையப் போய்விட்டாள்.

கூரை பாதி முடிந்திருந்தபோதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு எடுத்தான். கம்பெனியில் ஆள் போடும் பிரிவு. ஒரு பெண் குரல், வேலைக்குப் புதுசு போலிருந்தது.

"கேப்டன் கங்காஸ், சாயங்காலம் உங்களுக்கு ஒரு பிளைட் வந்திருக்கு. ஆல்டர் பே. ஏங்க, அது உங்க ஊருதான? அதிர்ஷ்டக்காரரு நீங்க. ராத்திரி தங்கல் உங்க வீட்லயே."

ராட்னி கூரை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். மரங்களுக்கு அப்பால் ஊர் விமான நிலையத்தின் காற்றுத் திசை காட்டும் துணிப்பை ஆடுவது தெரிந்தது. அங்கே விமானத்தைக் கொண்டுவந்து இறக்க வேண்டும். அதற்கு முதலில் சிகாகோவில் இருக்க வேண்டும். காரில் போனால் பொழுது சாய்ந்து நெடுநேரம் ஆகும்.

"எனக்கு வயிறு சரியில்லம்மா," என்றான். "காலைலருந்து."

"காலைலருந்தா? சொல்லலையே கேப்டன்."

"சரியாயிரும்னு பாத்தேன்."

"சரி, நோய்க் கணக்குல எழுதிக்கிறேன்."

"வேற ஆள் இருக்காங்கல்ல?"

"எங்க இருக்காங்க? கெழக்க புயல்ல ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க. மத்த ரெண்டு பேருக்கு வேலை நேரம் முடிஞ்சிருச்சு, இனி ஓட்டக் கூடாது. தேடிப் பாக்குறோம். சாயங்காலம் வரைக்கும் கெடைக்கலேன்னா ரத்துதான். நீங்க அதெல்லாம் யோசிக்காதீங்க கேப்டன். கஞ்சி மாதிரி ஏதாவது குடிச்சிட்டுப் படுங்க."

அவன் போனை உள்ளே வைத்துவிட்டு எழுந்து நின்று தட்டைப் பிடித்தான். படுக்கச் சொன்னவளுக்குப் பயந்தவன் போல் முன்னைவிட வேகமாகத் தள்ளினான்.

சற்று நேரத்தில் ரோட்டில் மஞ்சள் விளக்கு சுழன்றது. கவுன்டி நிர்வாகத்தின் பனி ஒதுக்கும் லாரி. ஓட்டுவது லோர்னா லாஹ்டி, அடுத்த தோட்டத்துக்காரி. நாற்பதைத் தொட்டவள். அவளுடைய அப்பா ஆர்விட் ஆக்சிஜன் குழாய் போட்டுக்கொண்டு மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். லாரி அவன் வாசலில் நின்றது. லோர்னா கண்ணாடியை இறக்கினாள்.

"ஏ கேப்டன்! நீ சிகாகோவுல இருப்பேன்னுல்ல நெனச்சேன். கூரை மேல என்ன, பறக்கப் பழகுறியா?"

"ஒரு நாளு சும்மா இருக்கேன், லோர்னா. அப்பா எப்படி இருக்காரு?"

அவள் உதட்டைக் கடித்தாள். "இன்னைக்கோ நாளைக்கோன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிட்டா. கண்ணைத் தொறந்தா ஒரே கேள்விதான். 'டேல் வந்துட்டானா?' நானும் வந்துட்டே இருக்கான்ப்பான்னு சொல்லிட்டிருக்கேன். அண்ணன் டெக்சாஸ்லருந்து கெளம்பி சிகாகோ வந்து சேந்துட்டான் இப்பத்தான். சாயங்கால பிளைட்ல ஏறுறான். அதுக்குத்தான் ஏர்போர்ட் ரோட்டை மூணு தடவ வழிச்சாச்சு."

ராட்னி தட்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் கேப்டன், நீதான் சொல்லணும். பிளைட்டு வந்துரும்ல? காத்து ஒத்துக்கும்ல?"

இப்போது சொல்லியிருக்கலாம். 'நம்பாத, டேலை இப்பவே கார் எடுத்துட்டுக் கெளம்பச் சொல்லு' என்று ஒரு வாய்ச்சொல். ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் வேண்டும். ஒருவேளை கம்பெனிக்கு வேறு ஆள் கிடைத்துவிடலாம். கிடைத்துவிட்டால் எதற்கு வீணாக வாயைக் கொடுப்பது?

"வானம் சுத்தமா இருக்கு," என்றான். "காத்தும் பெருசா இல்ல."

"அப்பாடா. உன் வாயால கேட்டாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் கை காட்டிவிட்டு லாரியை எடுத்தாள். பனி வழிக்கும் அலகு தார் ரோட்டை உராய்ந்துகொண்டு போகும் சத்தம் வளைவு வரைக்கும் கேட்டது.

மதியம் மார்லா பாஸ்டி சுட்டிருந்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் நூக்கோலும் உள்ளே வைத்து மடித்துச் சுட்டது. வேலை செய்த பசி. இரண்டு தின்றான். போன் வந்ததைச் சொன்னான். எந்த ஊர் விமானம் என்று மட்டும் சொல்லவில்லை.

"என்ன சொல்லித் தப்பிச்ச?"

"வயிறு சரியில்லன்னேன்."

மார்லா வாய்விட்டுச் சிரித்தாள். "ரெண்டு பாஸ்டி போன வயிறா? உங்க கம்பெனிக்காரன் இப்ப இந்த மேஜைய ஒரு போட்டோ புடிக்கணும்." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டாள்: "லோர்னா வண்டிய நிறுத்தி என்னமோ பேசிட்டிருந்தாளே?"

"ரோட்டைப் பத்தி," என்றான்.

பொழுது இறங்கிய பிறகு லோர்னாவிடமிருந்து மார்லாவுக்குச் செய்தி வந்தது. விமானம் ரத்து. கேப்டனுக்கு உடம்பு சரியில்லையாம். வேறு ஆள் இல்லையாம். நாளைய விமானத்தில் இடம் இல்லை. டேல் வாடகைக் காருக்கு வரிசையில் நிற்கிறான்.

மார்லா அதைச் சத்தமாகப் படித்தாள். 'கேப்டனுக்கு உடம்பு' என்ற இடத்தில் குரல் நின்றுபோனது. போனைக் கவிழ்த்து வைத்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. துவைத்துக் காய்ந்த துணிக் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஆள் கெடைச்சிருவான்னு நெனச்சேன்," என்றான் ராட்னி.

அவள் கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள்.

ஆர்விட் லாஹ்டி விடிவதற்கு முன்னால் செத்துப்போனார். டேல் விஸ்கான்சின் காட்டுப் பாதையில் பனிக்குள் ஊர்ந்து ஊர்ந்து வந்து, காலைக் காப்பி நேரம் கடந்து வீட்டு வாசலில் இறங்கியபோது, சவ அடக்கக்காரர்கள் அவரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மறுநாள் அண்ணன் தங்கை இரண்டு பேரும் ராட்னி வீட்டுக்கு வந்தார்கள். மார்லா முதல்நாளே ஏலக்காய் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வந்தார்கள். வேறு காரியமும் இருந்தது. சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மார்லா காப்பி ஊற்றினாள்.

டேல் ராட்னியின் பள்ளிக்கூடச் சேக்காளி. எண்ணெய்க் குழாய் பற்றவைக்கிற வேலை. புறங்கையெல்லாம் பழைய தீக்காயம். தூக்கமில்லாத கண் இரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"டேய், நீ அந்தக் கம்பெனியிலதான இருக்க," என்றான். "எவன்டா அந்த கேப்டன்? கவுன்டர்ல இருந்த பொண்ணு சொல்லுது, வயித்துவலியாம். வயித்துவலி! எங்கப்பன் மூச்சு வாங்கிட்டுக் கெடக்கான், இவனுக்கு வயித்துவலி."

"விடு டேல்," என்றாள் லோர்னா.

"என்னத்த விட? மத்தியானத்துலருந்து அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன் லோர்னா. பலகைல 'நேரப்படி'ன்னு போட்டு வச்சிருக்கான். ஒரு நாயாவது வந்து, தம்பி இது கெளம்பாது, கார எடுத்துட்டுப் போன்னு சொல்லுச்சா? அப்பவே கெளம்பியிருந்தா அவரு உசுரோட இருக்கும்போதே வந்திருப்பேன். எவனுக்கோ தெரிஞ்சிருக்கும்ல? எவனோ ஒருத்தனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல?"

"உடம்பு முடியாதவனைத் திட்டாத," என்றாள் லோர்னா. "வயிறு சரியில்லாம அத்தனை பேரைத் தூக்கிட்டு எப்படிப் பறப்பான்? முடியலன்னு சொன்னானே, அது யோக்கியம். கேப்டன், நீயே சொல்லு இவனுக்கு."

குழாயடியில் நின்ற மார்லா தண்ணீரை நிறுத்தினாள். திரும்பி ராட்னியைப் பார்த்தாள். இரண்டு நாளாக அவள் அவனை நேராகப் பார்க்கவே இல்லை.

"அது நாந்தான்," என்றான் ராட்னி.

"எது?" என்றான் டேல்.

"அந்த கேப்டன். என்னைத்தான் கூப்பிட்டாங்க. நான் சிகாகோவுல இருந்திருக்கணும். வீட்ல இருந்துட்டேன். கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சேன். வயிறு சரியில்லன்னு பொய் சொன்னேன்."

டேலுக்குச் சிரிப்பு வந்தது. வேடிக்கை என்று நினைத்துவிட்டான். மற்ற முகங்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதி வாயிலேயே நின்றது.

"நீ இங்கயா இருந்த?"

"கூரை தள்ளிட்டிருந்தேன்."

"கூரை," என்றான் டேல். அந்தச் சொல்லை அவன் வாய்க்குள் புரட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு கையை விரித்தான். "சரி. பொய் சொல்லாத வேலைக்காரன் எவன்? நானும் மேஸ்திரிகிட்ட சொல்லிருக்கேன். எங்க பாட்டியவே ரெண்டு தடவ சாகடிச்சிருக்கேன். ஏரோப்பிளேன் நின்னுபோச்சு, போவட்டும்…"

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க?" என்றாள் லோர்னா. மெதுவான குரல். அண்ணன் பேச்சு அறுந்தது.

ராட்னி காப்பிக் கோப்பையைப் பார்த்தான்.

"நான் உன் வாசல்ல வந்து நின்னேன்ல. அதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன."

"முன்ன," என்றாள் லோர்னா. "நான் கேட்டேன். வந்துரும்லன்னு கேட்டேன். நீ வானம் சுத்தமா இருக்குன்ன."

"ஆள் கெடைச்சிரும்னு…"

"வானத்தை நான் பாக்கலியா? எனக்குக் கண்ணு இல்லியா? வானத்தையா உங்கிட்ட கேட்டேன்?"

மார்லா ஈரக்கையை வயிற்றில் துடைத்தாள். அவளுக்கும் இது புதுசு. ரோட்டைப் பத்தி என்றல்லவா சொன்னான்.

"உன் பேச்சை எடுத்துட்டுப் போயி அப்பாகிட்ட சொன்னேன்," என்றாள் லோர்னா. "கேப்டனே சொல்லிட்டாருப்பா, பிளைட்டு வந்துரும், தூங்கு, எழுப்புறேன்னு சொன்னேன். அந்த மனுசன் என்னை நம்பித் தூங்குனாரு. அதுக்கப்பறம் முழிக்கல."

டேல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் கைகள் மூடித் திறந்தன. அடிப்பான் என்று ராட்னி எதிர்பார்த்தான். அடித்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தான். டேல் அடிக்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் வாசலில் நின்றுகொண்டான். அவனுடைய மூச்சு புகையாகக் கண்ணாடியில் தெரிந்தது.

லோர்னா பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"நாங்க வந்தது வேற விஷயம்," என்றாள். "சவப்பெட்டி தூக்குறதுக்கு ஆறு பேரு அப்பாவே சொல்லிட்டுப் போயிருக்காரு. உன் பேரு இருக்கு. யூனிபாரம் போட்டுட்டு வரணுமாம். நம்ம பக்கத்துல வளந்த புள்ள, கேப்டன் டிரெஸ்ஸுல தூக்கணும்னு ஆசைப்பட்டாரு."

"லோர்னா, என்னால…"

"உன்னால ஆகுமா ஆகாதான்னு நான் கேக்கல. செத்தவரு சொல்லை மாத்த எனக்கு உரிமை இல்ல. சனிக்கிழமை காலைல. மண்ணு பனியில இறுகிக் கெடக்கு, இப்பப் பொதைக்க முடியாது. கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில வச்சிட்டு மே மாசம் குழி வெட்டுவாங்க. அப்பவும் வந்து தூக்கணும்."

மார்லாவிடம் மட்டும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை ராட்னி நாலு பட்டைச் சட்டையையும் தங்க நூல் சுற்றிய தொப்பியையும் போட்டுக்கொண்டு போனான். பெட்டியின் இடதுபக்கம் நடுவில் அவனுக்கு இடம். அவனுக்கு முன்னால் டேலின் முதுகு. வாசல் படியில் பனிக்கட்டி வழுக்கியது. டேல் திரும்பிப் பார்க்காமல், "படி," என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஆர்விட் வாழ்ந்த காலத்தில் கரடி மாதிரி ஆள். நோய் தின்று தீர்த்திருந்தது. பெட்டிதான் கனத்தது. கொட்டகைக்குள் மர அடுக்கில் ஏற்கனவே இரண்டு பெட்டிகள் வசந்தத்துக்காகக் காத்துக் கிடந்தன. மூன்றாவதாக இவரை வைத்தார்கள். வெளியே வந்ததும் கிழவிகள் இரண்டு பேர் ராட்னியின் கையைப் பிடித்து, சீருடையில் எவ்வளவு லட்சணம் என்று சொல்லி அழுதார்கள்.

பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித் தொடைக்கறி, பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, கடித்தால் பல்லில் கிறீச்சிடும் சுட்ட பாலாடைக்கட்டி. ஈரக் காலணிகளின் நாற்றமும் காப்பி வாசனையும் கலந்து கிடந்தன. மார்லா பரிமாறுகிற பெண்களோடு சேர்ந்துகொண்டாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று ராட்னி கோட்டைத் தேடினான். ரெய்னோ பெல்டோ என்ற கிழவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஆர்விட்டோடு முப்பது வருஷம் ரம்பம் இழுத்தவர். ரம்பச் சத்தத்தில் காது போய்விட்டது. ஊருக்கே கேட்கப் பேசுவார்.

"கேப்டன்! அன்னைக்கு எவனோ ஒரு பய ஓட்ட மாட்டேன்னு படுத்துக்கிட்டானாமே! வயித்து வலியாம்! நாங்க மரத்துல அடிபட்டு எலும்பு முறிஞ்சும் பொழுது சாயற வரைக்கும் வேலை பாத்தோம்டா!"

பக்கத்து மேஜைகளில் தலைகள் ஆடின. ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"நீ ஓட்டியிருந்தா கொண்டாந்து எறக்கியிருப்ப! என்ன? நம்ம ஊருப் புள்ள நீ! எறக்கியிருப்பல்ல?"

ராட்னி வாயைத் திறந்தான். காப்பிக் கூஜாவோடு லோர்னா மேஜை ஓரமாக வந்துகொண்டிருந்தாள். எல்லாரும் அவளுக்கு வழி விட்டார்கள். அவள் கிழவரின் காதருகே குனிந்து, அவருக்குக் கேட்கிற மாதிரி, அதனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, உரக்கச் சொன்னாள்:

"ஆமா ரெய்னோ. கேப்டன் ஓட்டியிருந்தா டேல் வந்து சேந்திருப்பான்."

கிழவர் மேஜையைத் தட்டினார். "நான் சொல்லல?"

லோர்னா ராட்னியின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து நிரப்பினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவன் முன்னால் திருப்பி வைத்தாள்.

"குடி," என்றாள். "ஆறிரும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குடித்தான்.